கை படாத இசை

பிப்ரவரி 1

நிலையில்லா வித்வான் அவர்களுக்கு,

வானொலி நிலையத்தில் உனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலைதான் என்பதால் நிலைய வித்வான் என்று அழைக்க மனசாட்சி இடம் தரவில்லை. நிரந்தரமானால் பட்டத்தை மாற்றித் தருகிறேன்.

நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன பதினேழு கட்டளைகளின்படி மாடி அறை ஓடிக்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போடுகிறேன், மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறேன். முதல் இயந்திரம் மைக்கில் விழுவதைப் பதிகிறது. அந்த நாடா நான்கு நாற்காலிகளின் காலைச் சுற்றி அறையை வலம் வந்து, நாற்பது நொடி கழித்து இரண்டாவது இயந்திரத்தில் நுழைந்து ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி கேட்கிறது, முதல் இயந்திரம் மறுபடி பதிகிறது. அதாவது அறை தான் பேசியதைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டு மாமாவும் அப்படித்தான். அவரை யாரும் இசை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நடுவில் நீ செய்த காவல் பெட்டி. அதன் கதை பரிதாபம். சத்தம் ஏறினால் அமுக்குகிறது. அமுக்கியதும் அமைதி. ஐயோ அமைதி என்று பதறித் தூக்குகிறது. தூக்கியதும் கத்தல். ஐயோ கத்தல் என்று மறுபடி அமுக்கு. நாள் முழுக்க இந்த வீட்டுக்கு விக்கல்.

மூன்றாவது இயந்திரத்தில் எடுத்த இந்த வாரத்து ரீல் இத்துடன். பதிவைப் பதிவுத் தபாலில் அனுப்பும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். குறிப்பேட்டில் தினமும் "இன்று நான் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். பள்ளியில் இதே வேலையைச் செய்தால் வெளியே நிற்க வைக்கிறார்கள்.

அம்மா கீழே பட்டறையில் ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே இருக்கிறாள். விக்கல் வரும்போதெல்லாம் நிமிர்ந்து மேல்தளத்தைப் பார்க்கிறாள். நீ கிளம்பின அன்று, "கம்ப்ரஸர் சத்தத்துல உன் காது செத்துப் போச்சும்மா, இசையெல்லாம் உனக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாயே, அதற்குப் பிறகு உன்னைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. தபால்காரர் வந்தால் மட்டும், "மாடிக்கு ஏதாவது வந்துச்சா?" என்கிறாள். உன் பெயருக்குப் பதிலாக இப்போது மாடி.

விக்கலுடன்,
தங்கை

-

பிப்ரவரி 6

அறுந்த வாலுக்கு,

ரீல் வந்தது. கேலியைக் கழித்துவிட்டுப் படித்தால் உன் கடிதத்தில் ஒன்றேகால் பத்தி தேறுகிறது. அதற்கு நன்றி.

விக்கலைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே எங்கள் இயக்குநர் முதல் நாளே கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து சொன்னார்: "முன்னாடியெல்லாம் இசையமைப்பாளர் ஸ்வரத்தை எழுதினார். நாம விதியை எழுதறோம். எழுதிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறோம்." வெளியே வருவது உள்ளே போக வேண்டும், உள்ளே போனது தன்னைத் திருத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். எந்த அமைப்பும் ஆரம்பத்தில் தடுமாறும். பிறகு தன் நிலையைத் தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வேலையை இங்கே செய்ய முடியாது. இயந்திரம் ஒருவருக்கு நாளைக்கு அரைமணிதான். அதோடு சுவரெல்லாம் மெத்தை. கை தட்டினால் சத்தம் சுவருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. நம் மாடி அறை மாதிரி வாயாடி அறை இங்கே ஒன்றுகூட இல்லை.

ஆகவே மறுபடி சொல்கிறேன். எதையும் தொடாதே. அறையில் பேசாதே, பாடாதே, இருமாதே, தும்மாதே. இதில் மனிதக் கை படவில்லை என்பதுதான் இதன் உயிர்.

மற்றவர்கள் எல்லாம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள். நேற்று ஒருவர் நான் எங்கே கற்றேன் என்று கேட்டார். ஒரு நிறுவனத்தில் என்றேன். ஃப்ரிட்ஜ் பட்டறை என்று சொல்ல வாய் வரவில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் காட்டாதே.

அம்மா நன்றாக (இந்த வரியை அடித்துவிட்டேன், படிக்காதே.)

அண்ணன்

-

பிப்ரவரி 15

மெத்தைச் சுவர் மேதைக்கு,

மூன்றாவது ரீல் இத்துடன். நான் பேசவில்லை. பாடவில்லை. இருமவில்லை. கட்டளையில் முக்கால் பங்கை நிறைவேற்றியவள் என்ற பெருமையோடு முடித்துக்கொள்கிறேன். நாளை மறுநாள் கணக்குத் தேர்வு, எனக்கும் விதிகள் இருக்கின்றன.

தங்கை

-

மார்ச் 1

அருமைத் தங்கைக்கு,

நான்காவது ரீலைக் கேட்டேன். நான்கு முறை கேட்டேன். பிறகு இயக்குநரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு முறை நின்றுகொண்டும் ஒரு முறை உட்கார்ந்தும் கேட்டார்.

விக்கல் போய்விட்டது! இப்போது அது மூச்சு விடுகிறது. மெதுவாக ஏறி, மேலே கொஞ்சம் தங்கி, மெதுவாக இறங்கி, கீழேயும் தங்குகிறது. அந்த மூச்சுக்குள் என்னவோ ஒன்று, காற்றும் இல்லை குரலும் இல்லை, நாற்பது நொடிக்கு ஒரு முறை வந்து போகிறது. யாரும் திருத்தாமல் அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கொண்டது. நான் சொன்னேன் அல்லவா?

ஏப்ரல் 19 சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிலையத்து அரங்கில் எனக்கு அரைமணி தந்திருக்கிறார்கள். வானொலியிலும் நேரடியாகப் போகும். நிகழ்ச்சித் தாளில் தலைப்பு: "மனிதக் கை படாத இசை". ஒலிக்கும் முன் நானே மேடையேறி அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இயக்குநர் தெளிவாகச் சொல்லிவிட்டார், "அது நிஜம்னா உன் வேலை நிரந்தரம். ஒரு கை பட்டிருந்தாலும் இது வெறும் டேப். டேப் போட எங்ககிட்ட ஆள் இருக்கு" என்று.

நீதான் சாட்சி. உன் குறிப்பேட்டை அனுப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்து இருக்கிறதல்லவா?

அண்ணன்

-

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

பிப்ரவரி 13 வியாழக்கிழமை நான் மைக் முன்னால் தும்மினேன். வந்த தும்மல் இல்லை. வரவழைத்தது. உன் தும்மல். "ஆக்... ஆக்க்..." என்று இரண்டு தடவை ஊரைக் கூட்டிவிட்டு மூன்றாவதாக "ஹ்ஹச்சூம்" என்று விழுமே, அதை அப்படியே செய்தேன். நீ ரீலைப் போட்டதும் உன் தும்மலே உன்னைத் தேடி வர வேண்டும், நீ பதறிக் கைக்குட்டை தேட வேண்டும் என்பதுதான் திட்டம். தும்மாதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. யோசனை உன்னுடையது, மூக்கு என்னுடையது.

ஆனால் நடந்தது வேறு. நாற்பது நொடியில் தும்மல் திரும்பி வந்தது. சிரித்தேன். மறுபடி வந்தது, கொஞ்சம் மழுங்கி. பத்தாவது சுற்றில் அதற்கு மூக்கு இல்லை. இருபதாவது சுற்றில் அது தும்மலே இல்லை, யாரோ தூரத்தில் ஒரு பெரிய துணியை உதறுவது மாதிரி இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் கேட்டேன். வீட்டுப்பாடம் செய்யவில்லை. நீ எழுதினாயே, காற்றும் இல்லை குரலும் இல்லை என்று, அது நீதான். அதாவது நான். அதாவது நான் செய்த நீ. எனக்கே குழப்பமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சத்தியம். பெட்டியை நான் தொடவில்லை. தும்மலுக்குப் பிறகும் விக்கல் இருந்தது. அது நின்றது பிப்ரவரி 18 செவ்வாய்க்கிழமை. காலையில் நான் போகும்போது விக்கல், மாலை நாலரைக்கு வரும்போது மூச்சு. நான் அப்போது பள்ளியில், வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

குறிப்பேட்டை அனுப்பவில்லை. 13-ஆம் தேதிப் பக்கத்தில் பொய் இருக்கிறது.

தங்கை

-

மார்ச் 11

உனக்கு,

என் காலணிக்குள் அலாரம் வைத்தவள் நீ. தலைமை ஆசிரியர் எழுதியது போலவே தலைமை ஆசிரியருக்கே ராஜினாமாக் கடிதம் எழுதியவள் நீ. அம்மாவின் பட்டறையில் ஒரு வாடிக்கையாளரின் ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்திருந்து, அவர் கதவைத் திறந்ததும் "என்ன வேணும்?" என்று கேட்டவளும் நீ. உன் சத்தியத்தை நான் எந்தத் தட்டில் வைப்பது?

தும்மலைக்கூட மன்னித்துவிடுவேன். அறையில் விழும் எந்தச் சத்தமும் அமைப்புக்கு உணவுதான் என்று என் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். தெருவில் நாய் குரைத்தாலும் விழத்தான் செய்யும். தங்கை குரைத்தாலும் அப்படித்தான். ஆனால் தும்மல் ஒரு பெட்டியைத் திருத்தாது.

ரீல்களை வைத்து அளந்தேன். முன்பு அமுக்குவதற்கும் தூக்குவதற்கும் நடுவே அரை நொடி. இப்போது ஏழு நொடி. பெட்டியின் பின்புறத் திருகைத் திருப்பாமல் இது நடக்காது. வீட்டில் இருப்பது நீ ஒருத்தி. அம்மா மாடிப்படி ஏற மாட்டாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையை அவள் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது.

திருப்பினாயா? ஆம் அல்லது இல்லை. ஏப்ரல் முதல் தேதி நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகிறது. பொய்யை அச்சடித்து, மேடையேறி அதையே சொல்லிவிட்டு, பிறகு பிடிபட்டால் எனக்கு இங்கே இடமில்லை. நான் பேசிவிட்டு வந்த பேச்சுக்கு அங்கேயும் இடமில்லை.

அண்ணன்

-

மார்ச் 17

சந்தேகப் பேர்வழிக்கு,

இல்லை.

ஆனால் "இல்லை" என்று நான் சொன்னால் அது "ஆம்" என்று கேட்கும் அளவுக்கு உழைத்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். ஆகவே துப்பறிந்தேன். மாடி அறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்பு நூல் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மாலையில் நூல் அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து, மடித்து, நாற்காலிமேல் வைத்திருந்தது. அவ்வளவு ஒழுக்கமான திருடன் நம் வீட்டில் யார்?

அடுத்த நாள் வயிற்றுவலி என்று சொல்லிக் கட்டிலில் படுத்து, அம்மா பட்டறைக்குப் போனதும் மாடி அலமாரிக்குள் புகுந்துகொண்டேன். மதியம் இரண்டு மணி. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே அம்மா வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். சும்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மூச்சை அடக்கி அடக்கி, கடைசியில் நிஜமாகவே தும்மிவிட்டேன். என் சொந்தத் தும்மல்.

"வெளிய வா. வயித்துவலி மூக்குக்கு ஏறிடுச்சா?"

"நீ இங்க என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன். தெரியல?"

"பெட்டியைத் திருப்பினது நீயாம்மா?"

அம்மா நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணு வாரமா மேல அது மூச்சுத் திணறிக்கிட்டுக் கிடந்துச்சு. கீழ எனக்கு வேலையே ஓடல. போடற புள்ளியும் நிறுத்தற புள்ளியும் ஒட்டிக்கிட்டு இருந்தா அப்படித்தான் ஆகும். ஒரு ஃப்ரிட்ஜ் அப்படி நிமிஷத்துக்கு நூறு தடவை நின்னு நின்னு ஓடிச்சுன்னா மோட்டார் எரிஞ்சு போயிடும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டேன். அவ்வளவுதான்."

"யாரும் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன். நோயாளி நெத்தியில தொடாதேன்னு எழுதியிருந்தா டாக்டர் திரும்பிப் போயிடுவாரா?"

"எவ்ளோ திருப்பினே?"

"சரியாகற வரைக்கும்."

"சரியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்." பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "மாடிகிட்ட சொல்லாதே. சொன்னா ரோஷத்துல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுவான்" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்தின் விலை உனக்குத் தெரியும்.

தங்கை

-

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஒரு படம் வரைந்தேன். அறை, மைக், நாடா, பெட்டி. சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பது உலகம். அம்மா வெளியே. வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வந்தால் நான் தோற்றேன். சரி. ஆனால் அம்மா ஏன் வந்தாள்? விக்கல் கீழே கேட்டதால். விக்கல் அமைப்பிலிருந்து வெளியே போனது, அம்மாவின் காதுக்குள் நுழைந்தது, அம்மாவின் கையாகத் திரும்பி வந்து பெட்டியைத் திருத்தியது. அப்படியானால் அம்மா உள்ளேதான் இருக்கிறாள். கோட்டை அழித்துப் பெரிதாகப் போட்டேன். அப்போது பட்டறையும் உள்ளே வருகிறது. நீ வருகிறாய். தும்மாதே என்று எழுதிய நான் வருகிறேன். தபால்காரர் வருகிறார். தாள் தீர்ந்துவிட்டது.

இயக்குநரிடம் இதைக் காட்டினால் சிரிப்பார். அல்லது பாராட்டுவார். எது என்று தெரியவில்லை, அதுதான் பயம்.

நேர்மையாக ஒரே வழிதான். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடு. சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். விக்கலோ எதுவோ, கை படாததை வாசிக்கிறேன். உடனே செய்.

அண்ணன்

-

மார்ச் 22

திருப்பாதே! நேற்றைய கடிதத்தைக் கிழித்துப் போடு. விக்கலை அரைமணி யார் கேட்பார்கள்? அப்படியே இருக்கட்டும். ஆனால் அம்மாவை இனி அறைக்குள் விடாதே. இல்லை, விடு. தெரியவில்லை. திருகை மட்டும் திருப்பாதே.

அண்ணன்

-

மார்ச் 27

முன்னுக்குப் பின் முரணாருக்கு,

உன் முதல் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டாவது புதன்கிழமை வந்தது. நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்ன பேச்சை உடனே கேட்டது அந்தச் செவ்வாய்க்கிழமை.

என்னை நீ நம்பமாட்டாய் என்பதால் மூன்றாவது இயந்திரத்தையும் ஓடவிட்டு, ஆதாரத்தோடு திருப்பினேன். சிவப்புப் புள்ளிக்கு நேராக வைத்த கையோடு விக்கல் ஆரம்பித்தது. மூன்றாவது விக்கலுக்குள் படியில் தடதடவென்று சத்தம். அம்மா கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"யாரு கை வச்சது? நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுல யாருடி கை வச்சது?"

"அவன்தான் வைக்கச் சொன்னான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உன்னையெல்லாம் பெத்ததுக்கு நாலு ஃப்ரிட்ஜ் வாங்கி வச்சிருக்கலாம். அதுவாவது கதவைச் சாத்தினா வாயை மூடிக்கும்!"

இதெல்லாம் மைக்குக்கு ஒரு அடி தூரத்தில் நடந்தது. நாற்பது நொடி கழித்து ஸ்பீக்கர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து "யாரு கை வச்சது?" என்று கேட்டது. அம்மா திடுக்கிட்டாள். பிறகு மண்டியிட்டுத் திருகைத் திருப்பினாள். கொஞ்சம் திருப்பி, காது கொடுத்து, கொஞ்சம் திருப்பி. இருபது நிமிடம் ஆனது. பழைய இடம் கிடைக்கவில்லை. இப்போதும் அது மூச்சு விடுகிறது, ஆனால் வேறு யாரோ விடுகிற மாதிரி இருக்கிறது. "அதே இடம் எதுன்னு எனக்கும் தெரியலை. அன்னிக்கு அது வேற ஆளா இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் உன் இரண்டாவது கடிதத்தைப் படித்துக் காட்டினேன். திருப்பு, திருப்பாதே, விடாதே, விடு. அம்மா ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "இவனுக்கும் நடுவுல இடம் பத்தலை" என்றாள்.

ஆதார ரீல் இத்துடன். எதற்கு ஆதாரம் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

தங்கை

-

ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

நிகழ்ச்சித் தாள் அச்சாகிவிட்டது. "மனிதக் கை படாத இசை" என்று கொட்டை எழுத்தில். நிறுத்தச் சொல்லலாம் என்று இரண்டு தடவை இயக்குநர் அறை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவை குண்டூசி கேட்டேன்.

உன் ஆதார ரீலைக் கேட்டேன். முதலில் விக்கல். பிறகு அம்மா. நாற்பது நொடிக்கு ஒரு தடவை அம்மா என்னைக் கேட்கிறாள், யாரு கை வச்சது, யாரு கை வச்சது என்று. பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. "கை" கடைசிவரை நிற்கிறது. அப்புறம் அதுவும் ஒரு நீளமான ஒலியாகிவிடுகிறது. அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதமாக அம்மாவின் குரலைக் கேட்காதவன் என்பதால் எனக்கு மட்டும் அப்படி இருக்கிறதோ என்று காவலாளியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடறாங்க" என்றார்.

எதைப் போடுவது? நான்காவது ரீலா, இதுவா? மேடையில் என்ன சொல்வது? நீ ஒன்றும் யோசனை சொல்லாதே. சொன்னால் அதன்படி செய்துவிடுவேன்.

அண்ணன்

-

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று நீங்கள் வானொலி வைத்திருந்தீர்களா, தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

மேடையேறினேன். வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. முதல் வரிசையில் இயக்குநர் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். நான் சொன்னேன்: "தலைப்பு தப்பு. இதுல என் தங்கை கை இருக்கு. எங்க அம்மா கை இருக்கு. அம்மா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றாங்க. நான் செஞ்ச பெட்டியில என்ன கோளாறுன்னு அவங்க கீழ் வீட்டுல இருந்தே கேட்டுக் கண்டுபிடிச்சாங்க. அவங்க காது செத்துப் போச்சுன்னு நான் சொல்லியிருந்தேன். இதுல நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்." சபையில் சிலர் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்தார்களோ என்னவோ. ஆதார ரீலைப் போட்டேன்.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கை பட்டா டேப்னு சொல்லியிருந்தேன். அதனால வேலை நிரந்தரம் இல்ல. ஜூலையோட முடியுது" என்றார். பிறகு போகிறவர் திரும்பி வந்து, "நாலாவது ரீல்ல இருந்த அந்த ஏழு நொடியை உங்க அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டு எழுது. எங்க கணக்குல அது வரல" என்றார். இது தண்டனையா மரியாதையா? அறைக்கு வந்து அழலாம் என்று உட்கார்ந்தேன், பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூலையில் வருகிறேன். வரலாமா என்று அம்மாவிடம் கேள். நேராகக் கேட்காதே. இல்லை, நேராகவே கேள்.

அண்ணன்

-

ஏப்ரல் 25

அண்ணா,

வானொலி வைத்திருந்தோம். கீழே பட்டறையில், வேலை மேசைமேல்.

அம்மா நாலு ஃப்ரிட்ஜை சோதனைக்கு ஓடவிட்டிருந்தாள். ஐந்து மணிக்கு அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் எழுந்துபோய் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். எனக்குத் தெரிந்து பட்டறை நேரத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. நீ பேசினாய். "அம்மா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றாங்க" என்று நீ சொன்னபோது அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். மேசையில் ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த ஒலி வந்தது. ஒரு கால்மணி கழித்து அம்மா, "இது யாரு?" என்றாள்.

"நீதாம்மா. அன்னிக்குக் கத்தினது."

"நான் இப்படியா கத்தினேன்?"

"கொஞ்சம் வேற மாதிரி. அவன்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

அப்போதுதான் கவனித்தோம், ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மணி ஆறு ஆகவில்லையே, மாடியில் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படிக்கட்டுக் கதவு திறந்திருந்தது. வானொலி மேலே போய் மைக்கில் விழுந்து, நாற்பது நொடி சுற்றி, கீழே இறங்கி வந்தது. எது உன் அரங்கிலிருந்து வருகிறது, எது நம் மாடியிலிருந்து வருகிறது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. உன் நிகழ்ச்சி முடிந்து செய்தி வாசித்தார்கள். அதற்குப் பிறகும் மேலே அது தொடர்ந்தது, கொஞ்ச நேரம் செய்தியையும் தின்றுகொண்டு. ஆறு மணிக்கு நிறுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடு. இன்னும் முடியல."

"எது முடியல? அவனோடதா, நம்மோடதா?"

"நீ பேசாம இரு, கேக்கட்டும்."

உன் இயக்குநரின் கேள்வியை இன்று படித்துக் காட்டினேன். அம்மா சொன்னது: "அது கஷ்டப்பட்டுச்சு. கஷ்டம் நிக்கற வரைக்கும் திருப்பினேன். ஏழு நொடின்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அவருக்கு வேற என்ன எழுதறது?" அப்படியே எழுதிவிடு என்கிறாள். உன் கேள்வியையும் நேராகவே கேட்டேன். உன் அறையின் ஜன்னல் கொக்கி ஆடுகிறதாம், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறாள். இது ஆமா இல்லையா என்று நீயே கேட்டுக் கண்டுபிடி.

ஆனால் நான் எழுத வந்தது இதையெல்லாம் இல்லை. அன்று நாங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. காலில் சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தால் நிறுத்திவைத்த நாலு ஃப்ரிட்ஜிலும் பனி உருகி, தண்ணீர் மேசைக்கு அடியில் வந்து எங்கள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு விழுந்தாலே கத்துகிற அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காலைத் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் தூக்கவில்லை.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் இதைச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன்.

தங்கை